கடை மேலாளராக வேண்டுமா? குடோனிலிருந்து தொடங்குங்கள்

சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடை, செருப்புக்கடை, மொபைல் ஷோரூம் எதுவானாலும், மேலாளர் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர்கள் கடைசியில் பார்ப்பது ஒன்றைத்தான். இந்த ஆளை நம்பிச் சாவியையும் சரக்கையும் கல்லாவையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்கள் எல்லாக் கடையிலும் இருப்பார்கள். அவர்களில் பலர் மாதாமாதம் இன்சென்டிவ் வாங்கிக்கொண்டு, நல்ல பெயரோடு, அதே செக்‌ஷனில் வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். மேலே போகிறவர்கள் பெரும்பாலும் சரக்கின் கணக்குத் தெரிந்தவர்கள். ஆகவே சில்லறை வணிகத்தில் மேலாளர் ஆக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை: விற்பனைத் தளத்தில் இடம் கிடைத்த கையோடு குடோனில் ஒரு காலை ஊன்றுங்கள்.

தமிழ்நாட்டில் வேலை தேடுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவருக்கும் வழி உண்டு, எம்.பி.ஏ. முடித்தவருக்கும் உண்டு. இருவருக்கும் தொடக்கச் சம்பளம் வேறு, கற்கவேண்டிய பாடம் ஒன்று.

மேலாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

வெளியிலிருந்து பார்த்தால் சட்டையில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு நடமாடுகிற வேலைபோலத் தெரியும். ஒரு நடுத்தர சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் தூக்கும்போதே பால் வண்டி வந்து நிற்கும். வருகைப் பதிவைப் பார்த்தால் இரண்டு பேர் வரவில்லை, அதில் ஒருவர் கேஷியர். ஒவ்வொரு கவுண்டருக்கும் சில்லறை எண்ணிக் கொடுக்கவேண்டும். பத்து மணிக்குள் காய்கறி அடுக்கு நிறைந்திருக்கவேண்டும். குளிர்பெட்டி ஒன்று சரியாகக் குளிரவில்லை, உள்ளே ஐஸ்கிரீம். தலைமை அலுவலகத்திலிருந்து நேற்றைய விற்பனை ஏன் குறைந்தது என்று மின்னஞ்சல். மதியம் எடைக்கருவிகளைச் சோதிக்க அதிகாரி வருகிறார். மாலை ஆறு முதல் ஒன்பது வரை கூட்டம். இரவு கல்லா ஒப்படைப்பு, யு.பி.ஐ. தொகையும் கார்டுத் தொகையும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்ற சரிபார்ப்பு, பிறகு பூட்டு. இதற்கு நடுவில் விற்பனை.

ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா என்று ஊரே விடுமுறையில் இருக்கும் நாள்கள்தான் உங்களுக்கு உச்ச வேலை நாள்கள். இது குடும்பத்தாருக்கும் தெரிந்திருக்கட்டும். வேலையின் கடினத்தைவிட வீட்டு விசேஷங்களில் தலைகாட்ட முடியாத மனக்குறையால்தான் நல்ல ஆட்கள் பலர் இந்தத் துறையை விட்டுப் போகிறார்கள்.

படி 1: எந்த மாதிரிக் கடை?

தமிழ்நாட்டில் சில்லறை வணிகத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. நீலகிரிஸ் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 1905-இல் தொடங்கியது. நல்லி பட்டுக்கடை 1928-இலிருந்து தி.நகரில் இருக்கிறது. 1990-களின் பிற்பாதியில் ஃபுட்வேர்ல்டு, சுபிக்ஷா என்று சங்கிலிக் கடைகள் சென்னையிலிருந்து கிளம்பின. இன்று உங்கள் முன்னால் இருப்பவை ஏறக்குறைய மூன்று உலகங்கள்.

முதலாவது, நாடு முழுவதும் கிளைகள் கொண்ட நிறுவனக் கடைகள். விலை, தள்ளுபடி, எந்த அலமாரியில் எந்தப் பொருள் என்பது உட்பட எல்லாம் தலைமை அலுவலகத்தில் முடிவாகிவிடும். மேலாளரின் வேலை அதைப் பிசகாமல் நடத்திக்காட்டுவது. பதவிப் படிகள் எழுத்தில் இருக்கும்: சேல்ஸ் அசோசியேட், டீம் லீடர், டிபார்ட்மெண்ட் மேனேஜர், அசிஸ்டென்ட் ஸ்டோர் மேனேஜர், ஸ்டோர் மேனேஜர், அதற்கு மேல் பல கடைகளைக் கவனிக்கும் கிளஸ்டர் அல்லது ஏரியா மேனேஜர். எப்போது அடுத்த படி, அதற்கு என்ன தேர்வு என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

இரண்டாவது, குடும்பங்கள் நடத்தும் பெரிய ஜவுளி, நகை, பாத்திர, மின்சாதன ஷோரூம்கள். இங்கே கொள்முதலும் கல்லாவும் பெரும்பாலும் முதலாளி வீட்டார் கையில். 'மேனேஜர்' என்ற பெயர் இருந்தாலும் ஒரு மாடியின் பொறுப்பாளராகத்தான் இருப்பீர்கள். ஆனால் சரக்கறிவு என்று ஒன்று உண்டே, அதை இங்கே கற்பதுபோல வேறெங்கும் கற்க முடியாது. பட்டுப்புடவையைக் கையால் தடவிப் பார்த்தே ஜரிகையின் தரத்தைச் சொல்கிற அண்ணன்மார்கள் இந்தக் கடைகளில்தான் உருவாகிறார்கள்.

மூன்றாவது, ஒன்று முதல் பத்து கிளைகள்வரை உள்ள உள்ளூர் டிபார்ட்மெண்டல் ஸ்டோர்கள். படிகள் குறைவு, சம்பளம் பேரத்தைப் பொறுத்தது. ஆனால் ஒரே வருடத்தில் பில்லிங், ஆர்டர், சப்ளையர் பேச்சுவார்த்தை, வங்கி எல்லாம் கைக்கு வந்துவிடும். என் கருத்தில், படிப்பு குறைவாகவும் துடிப்பு அதிகமாகவும் உள்ளவர் முதல் இரண்டு ஆண்டுகளை இங்கே கழித்துவிட்டு நிறுவனக் கடைக்கு டீம் லீடராகப் போவது நல்ல வழி.

எந்தக் கடையானாலும் சேர்வதற்கு முன் வாடிக்கையாளராகப் போய் அலமாரிகளைப் பாருங்கள். வேகமாக விற்கிற பொருள்களின் இடத்தைக் காலியாகவோ, வேறு ஒரே பொருளை அகலமாக அடுக்கி நிரப்பியோ வைத்திருந்தால் சப்ளையருக்குப் பணம் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். 1997-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளாக விரிந்த சுபிக்ஷா, 2009-இல் கையிருப்புப் பணம் வற்றிப்போய் முடங்கியது. ஊழியர்களின் சம்பளமும் நின்றது. கடையின் நிதிநிலையைக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே ஓரளவு படிக்கலாம், அலமாரி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 2: எந்த வாசல் வழியாக?

அடிமட்டத்திலிருந்து ஏறுவது எல்லாரும் அறிந்த வழி. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துச் சேல்ஸ் அசோசியேட்டாகவோ கேஷியராகவோ சேர்வது. இந்த வழியில் வருகிறவர்களுக்கு ஓர் இடத்தில் தடை விழும். டிபார்ட்மெண்ட் மேனேஜருக்கு மேல் போகப் பல நிறுவனங்கள் பட்டம் கேட்கும். ஆகவே வேலையில் சேர்ந்த முதல் வருடமே தொலைநிலைக் கல்வியில் பி.காம். அல்லது பி.பி.ஏ. பதிவுசெய்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்து வாய்ப்பு வரும்போது சான்றிதழ் கையில் இருக்கும்.

பட்டம் முடித்தவர்கள் மேனேஜ்மெண்ட் டிரெய்னியாகவோ நேரடியாக டிபார்ட்மெண்ட் மேனேஜராகவோ சேரலாம். இவர்களுக்கு உள்ள ஆபத்து வேறு. ஆறு மாதப் பயிற்சியை எக்ஸெல் திரையின் முன்னால் கழித்துவிட்டு, இருபது வருட அனுபவமுள்ள ஊழியர்களுக்கு உத்தரவு போடப் போய் மாட்டிக்கொள்வார்கள். பயிற்சிக் காலத்தில் மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குங்கள். யாரும் அதைக் குறைவாக நினைக்கமாட்டார்கள், தூக்காதவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

பயிற்சித் திட்டங்கள் மூன்றாவது வாசல். சில்லறை வணிகத்துக்கென்று ராஸ்கி என்ற திறன் கவுன்சில் இருக்கிறது. கேஷியர், சேல்ஸ் அசோசியேட், டீம் லீடர், டிபார்ட்மெண்டல் மேனேஜர், ஸ்டோர் மேனேஜர் என்று ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று அது பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. பயிற்சியில் சேராவிட்டாலும் டீம் லீடருக்கான பாடத்திட்டத்தை இணையத்தில் எடுத்துப் படித்துவிடுங்கள். நேர்காணலில் பாதிக் கேள்விகள் அதிலிருந்து வருவதுபோல இருக்கும். கிராமப்புற ஏழைக் குடும்ப இளைஞர்களுக்கு 2014-இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா இலவசப் பயிற்சி தருகிறது. கல்லூரியில் படிப்பவர்கள் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்களுக்கு ஏற்ற படிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். பயிற்சி நிலையம் 'வேலை உறுதி' என்று சொல்லிப் பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கவாட்டிலிருந்தும் வரலாம். மளிகை நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள், உணவகப் பொறுப்பாளர்கள், கூரியர் கிடங்கில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் இவர்களெல்லாம் அசிஸ்டென்ட் மேனேஜராக நேரடியாகச் சேர்ந்திருக்கிறார்கள். அப்பாவின் மளிகைக் கடையில் பத்து வருடம் நின்றவர்கள் அதை விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். கடன் நோட்டு, மொத்த மண்டிக் கொள்முதல், காலாவதிச் சரக்கைத் திருப்பி அனுப்புவது எல்லாம் செய்திருப்பீர்கள். அதை அப்படியே எழுதுங்கள்.

படி 3: குடோன்

இதில்தான் மற்றவர்களிடமிருந்து நீங்கள் பிரிந்து தெரியப்போகிறீர்கள். சேர்ந்து ஒன்றிரண்டு மாதங்களில், தளம் பழகியதும், மேலாளரிடம் போய்ச் சரக்கு இறக்கும் நேரத்தில் உடனிருக்க அனுமதி கேளுங்கள். மறுக்கமாட்டார். அந்த வேலைக்கு யாரும் விரும்பி வருவதில்லை.

வண்டி வந்ததும் உங்கள் கையில் மூன்று விஷயங்கள் இருக்கவேண்டும்: நாம் கொடுத்த ஆர்டர், சப்ளையரின் பில், வண்டியில் உண்மையில் இருக்கும் சரக்கு. மூன்றும் ஒத்துப்போகவேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது புதியவர்களின் பழக்கம். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யும் பில்லில் உள்ள எம்.ஆர்.பி.யும் ஒன்றா? காலாவதி தேதிக்கு எவ்வளவு நாள் இருக்கிறது? பெட்டியின் மேல் அடுக்கு புதிதாகவும் அடி அடுக்கு பழைய தேதியாகவும் இருக்கிறதா? தக்காளிப் பெட்டியை எடை போட்டபோது காலிப் பெட்டியின் எடையைக் கழித்தார்களா? குறை இருந்தால் டிரைவர் கிளம்பும் முன் பில்லிலேயே எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்கவேண்டும். வண்டி போனபிறகு போன் செய்தால், 'நாங்கள் சரியாகத்தானே அனுப்பினோம்' என்பதுதான் பதிலாக வரும்.

அடுத்து, காலாவதி முந்துகிற பொருள் முதலில் விற்கப்படவேண்டும். புதிய தயிரைப் பழைய தயிருக்கு முன்னால் அடுக்கிவிட்டுப் போகிற ஊழியரைத் திட்டுவதால் பயனில்லை. பின்னாலிருந்து நிரப்பும் வழக்கத்தை நீங்களே நின்று செய்துகாட்டவேண்டும்.

இனி, அதிகம் பேர் கவனிக்காத ஒன்று. வாடிக்கையாளர் ஆறு சோப்பு எடுத்து வருகிறார். மூன்று சந்தனம், மூன்று வேப்பிலை. ஒரே நிறுவனம், ஒரே விலை. கூட்ட நேரம். கேஷியர் ஒரு சந்தன சோப்பை ஸ்கேன் செய்து எண்ணிக்கையில் '6' என்று அடித்துவிடுகிறார். பணம் சரி, பில் சரி, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கணினிக் கணக்கில் சந்தனம் மூன்று கூடுதலாகக் குறைந்துவிட்டது, வேப்பிலை மூன்று குறையவே இல்லை. இப்படியே சில வாரம் போனால் அலமாரியில் வேப்பிலை சோப்பு ஒன்றுகூட இருக்காது, கணினியோ இன்னும் நாற்பது இருப்பதாகச் சொல்லும். இருப்பு இருக்கிறது என்று நம்பித் தானியங்கி ஆர்டரும் போகாது. அந்த சோப்பையே வாங்குகிற வாடிக்கையாளர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். விற்பனை ஏன் குறைந்தது என்று மேலிடம் கேட்கும்போது எல்லாரும் போட்டியைக் காரணம் காட்டுவார்கள். காரணம் பில்லிங் கவுண்டரில் அழுத்தப்பட்ட ஓர் எண். இதைக் கண்டுபிடிக்கிற ஊழியரை எந்த மேலாளரும் தளத்தில் விட்டுவைக்கமாட்டார், தன் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: தினமும் இருபது பொருள்களை மட்டும் எண்ணிக் கணினி இருப்போடு ஒப்பிடுங்கள். ஒரே விலையில் ஒன்று குறைவாகவும் அதன் ஜோடி அதிகமாகவும் இருந்தால் ஸ்கேன் தவறு. இரண்டும் குறைவாக இருந்தால் திருட்டா, இறக்கும்போதே குறைந்ததா என்று தேடவேண்டும். இந்த மொத்த இழப்பைக் கடைக்காரர்கள் 'ஷ்ரிங்கேஜ்' என்கிறார்கள். வாடிக்கையாளர் திருட்டு, ஊழியர் திருட்டு, சப்ளையர் குறைவாக அனுப்பியது, உடைசல், காலாவதி, பதிவுத் தவறு எல்லாம் அதில் சேர்த்தி. பேச்சுக்கு ஒரு கணக்கு: மாதம் 40 லட்சம் விற்கிற கடை, எல்லாச் செலவும் போக 3 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய் லாபம் பார்க்கிறது. ஷ்ரிங்கேஜ் ஒரு சதவீதம் கூடினால் 40,000 போயிற்று. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்தத் தொகையை விற்பனையால் ஈடுகட்ட எவ்வளவு கூடுதலாக விற்கவேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 4: நான்கு எண்கள்

பெரிய கணிதம் தேவையில்லை. ஆனால் இவற்றைத் தடுமாறாமல் சொல்லத் தெரியவேண்டும்.

80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் மார்ஜின் 20 சதவீதம், மார்க்-அப் 25 சதவீதம். முதலாவது விற்ற விலையின்மேல், இரண்டாவது வாங்கிய விலையின்மேல். எம்.பி.ஏ. படித்தவர்களே நேர்காணலில் குழம்பும் இடம் இது.

ஜவுளிக்கடைக்கு ஒரு நாளில் 300 பேர் வந்து 90 பில் போட்டால் கன்வர்ஷன் 30 சதவீதம். அந்த 90 பில்லின் மொத்தம் 1,08,000 என்றால் சராசரி பில் 1,200. இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு நோய்களைக் காட்டுகின்றன. கன்வர்ஷன் குறைந்தால் அளவு இல்லை, டிரையல் ரூமில் வரிசை, ஆள் பற்றாக்குறை என்று தேடுங்கள். சராசரி பில் குறைந்தால் சட்டை எடுத்தவருக்கு யாரும் பேன்ட் காட்டவில்லை என்று பொருள். 30 சதவீதம் 33 ஆனால் அதே 300 பேரிடமிருந்து 99 பில், கூடுதலாக 10,800 ரூபாய்.

நான்காவது, சரக்கு எத்தனை நாளைக்குப் போதும் என்பது. வாங்கிய விலையில் 45 லட்சத்துக்கு இருப்பு, தினமும் வாங்கிய விலையில் ஒன்றரை லட்சம் விற்பனை என்றால் 30 நாள் சரக்கு. மளிகைக்கு இது அதிகம், பட்டுப்புடவைக்கு மிகக் குறைவு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற அளவு அனுபவத்தில்தான் வரும்.

எக்ஸெலில் கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், ஒரு பட்டியலிலிருந்து விவரத்தைத் தேடி எடுக்கும் வி-லுக்கப்பும் போடத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் மின்னஞ்சலைப் படித்து மூன்று வரியில் பதில் எழுதப் பழகுங்கள். வட மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் இப்போது பல கடைகளில் இருக்கிறார்கள். வேலை வாங்கும் அளவுக்கு இந்தி தெரிந்திருந்தால் உங்கள் மதிப்பு கூடும்.

படி 5: சட்டத்தில் தெரிந்திருக்கவேண்டியவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கும் குறைந்த புதிய விலையும் ஒரே அலமாரியில் சேர்ந்து நின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் கணினியில் விலை மாறிவிட்டதா, அலமாரி அட்டையில் மாறிவிட்டதா என்று நடந்து பார்ப்பது மேலாளரின் வேலை. எடைக்கருவிகளுக்கு உரிய காலத்தில் முத்திரை வைத்திருக்கவேண்டும். உணவுப்பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கவேண்டும். அத்துறையின் 'ஃபோஸ்டாக்' குறுகியகாலப் பயிற்சி ஒன்றை முடித்துச் சான்றிதழ் வைத்துக்கொண்டால் மளிகைக் கடை நேர்காணலில் கைகொடுக்கும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுவதும் நின்று காலில் நரம்பு சுருண்டுபோன பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஸ்டூல் வாங்கி மூலையில் வைத்துவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற மேலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

படி 6: ஆட்களை நடத்துவது

டீம் லீடர் ஆனதும் கையில் வரும் முதல் அதிகாரம் வார விடுப்புப் பட்டியல். பதினான்கு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். சனி, ஞாயிறு விடுப்பில்லை, வெள்ளியும் கூடாது. திங்கள் முதல் வியாழன்வரை நாளுக்கு மூன்று, மூன்று, நான்கு, நான்கு என்று பிரிக்கவேண்டும். இரண்டு கேஷியர்கள் ஒரே நாளில் விடுப்பில் போகக்கூடாது. மாதத்தின் முதல் வாரம் சம்பளம் வந்து மளிகை வாங்க வருவார்கள், அந்த வாரம் பட்டியல் வேறு. யாருக்கு எந்த நாள் ஏன் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. தனக்கு வேண்டியவருக்கு மட்டும் நாளை மாற்றிக்கொடுத்தால் ஒரே மாதத்தில் குழு உடைந்துவிடும்.

உங்களைவிட மூத்தவர்களை வேலை வாங்குவதுதான் இளம் மேலாளர்களுக்குச் சோதனை. ஒரு கடையில் புதிதாக வந்த உதவி மேலாளருக்கு வயது இருபத்து நான்கு. மாவு, பருப்பு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அவர் அம்மா வயது. முதல் நாள் அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: "சார் என்று கூப்பிடவேண்டுமா, தம்பி என்று கூப்பிடலாமா?"

"வாடிக்கையாளர் முன்னால் சார் என்று கூப்பிடுங்கள், அக்கா. டீ குடிக்கும்போது தம்பி என்றே கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை நான் ஆர்டர் போடும் முன், எந்த மாவு சனிக்கிழமை தீர்ந்துபோகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்."

அந்தப் பையன் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. மரியாதையும் கொடுத்தான், அவரிடமிருந்த தகவலையும் வாங்கிக்கொண்டான்.

தவறைச் சுட்டிக்காட்டுவது தனியறையில், பாராட்டுவது காலைக் கூட்டத்தில். கல்லாவில் பணம் குறைந்தால் 'நீ எடுத்தாயா' என்று தொடங்காதீர்கள். முதலில் நோட்டுகளை வகைவாரியாக மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பிறகு ரத்தான பில், திருப்பிக் கொடுத்த பில், யு.பி.ஐ.யில் வந்ததை ரொக்கமாகப் பதிந்த பில் என்று வரிசையாகப் பாருங்கள். இவற்றிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

படி 7: எப்போது, எப்படி விண்ணப்பிப்பது

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு ஆடித் தள்ளுபடிக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் நல்ல காலம். தற்காலிக ஆட்களை அப்போது நிறைய எடுப்பார்கள். தீபாவளி நெரிசலில் முகம் சுளிக்காமல் நின்றவர்களை பண்டிகை முடிந்ததும் நிரந்தரமாக்குவது வழக்கம். மேலாளர், உதவி மேலாளர் பதவிகளுக்குப் புதிய கிளை திறக்கும் செய்தியைக் கவனியுங்கள். கட்டடத்தில் 'விரைவில்' என்று பலகை மாட்டும் முன்பே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். அந்த நிறுவனத்தின் பக்கத்து ஊர்க் கிளையில் விசாரித்தால் தகவல் கிடைக்கும். புதிய கிளையைத் திறந்த அனுபவம் விண்ணப்பத்தில் தனியாகத் தெரியும் ஒரு வரி. அதற்காகச் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தவறில்லை.

விண்ணப்பத்தில் 'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்' என்றெல்லாம் எழுதி இடத்தை வீணாக்கவேண்டாம். எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டீர்கள், உங்கள் பிரிவின் மாத விற்பனை எவ்வளவு, காலாவதிச் சரக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது என்று எழுதுங்கள். இந்த எண்களை வேலையில் இருக்கும்போதே ஒரு நோட்டில் குறித்து வைத்தால்தான் பிறகு நினைவிலிருந்து இட்டுக்கட்டவேண்டிய நிலை வராது. பழைய நிறுவனத்தின் ரகசிய விலைப்பட்டியலைக் காட்டி மதிப்புப் பெற நினைக்காதீர்கள். நாளைக்கு எங்களுடையதையும் காட்டுவான் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்விகள் சில: 'மாலை ஆறரை மணி, கூட்டம், மூன்று கேஷியரில் ஒருவர் வரவில்லை, கணினி ஒன்று நின்றுவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள்?' 'பிராண்டுக்காரர் நல்ல இடம் கேட்கிறார், எந்தப் பொருள் எங்கே என்று தலைமை அலுவலகம் அனுப்பிய அலமாரிப் படத்தில் அந்த இடம் வேறொருவருக்கு; என்ன சொல்வீர்கள்?' 'நல்ல விற்பனையாளர் ஒருவர் பொருளை மறைத்து எடுத்துச் செல்வதைப் பார்த்தீர்கள், என்ன செய்வீர்கள்?' கடைசிக் கேள்விக்கு வீரமாக ஏதாவது சொல்லத் தோன்றும். ஆதாரத்தைப் பத்திரப்படுத்தி, உரிய மேலதிகாரிக்குச் சொல்லி, இன்னொருவர் முன்னிலையில் விசாரிப்பேன் என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் பதில். அடிப்பது, மிரட்டுவது, எழுதி வாங்குவது எல்லாம் உங்களையே வழக்கில் சிக்கவைக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகல் மட்டும் கொடுங்கள். சொல்கிற சம்பளம் கைக்கு வருவதா, பிடித்தம் எல்லாம் சேர்த்ததா என்று கேளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்களா, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (ஊழியர் காப்பீடு) உண்டா என்று பாருங்கள். சம்பளச் சீட்டு கொடுக்காத இடத்தில் இரண்டையும் நீங்களே இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளவேண்டியிருக்கும். தங்குமிடமும் சாப்பாடும் தருகிற கடைகளில் அறையில் எத்தனை பேர், இரவு எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்யவேண்டும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம் இருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.

மேலாளர் பதவிக்கே அழைக்கப்பட்டிருந்தால் கூடுதலாக மூன்று கேள்விகள். சரக்குக் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பீர்களா, எந்த அளவுக்கு மேல்? ஆள் எடுக்கவும் நீக்கவும் எனக்கு எவ்வளவு அதிகாரம்? இதற்கு முன் இருந்த மேலாளர் ஏன் போனார்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலோடு நின்றுவிடாமல், வெளியே வரும் வழியில் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடமும் அதையே கேட்டுப் பாருங்கள். பொறுப்பேற்கும் நாளில் முழுச் சரக்கையும் எண்ணி, இருபுறமும் கையெழுத்திட்ட பட்டியலின் நகலை வாங்கிக்கொண்ட பிறகே சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய குறைகள் உங்கள் கணக்கில் ஏறாமல் இருக்க வேறு வழியில்லை.